பாலையடித்தான் குளம் பாதுகாப்பாக உள்ளது

பாலையடித்தான் குளம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உடைந்தது. குளத்தின் கீழிருந்த குடியிருப்பு முழுவதும் அள்ளுண்டு போனது. இருபத்தேழு பேர் பலி, பலரைக் காணவில்லை. இவ்வளவும் நடந்து முடிந்து முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் கணபதிக்கு விஷயம் தெரியவந்தது. அவர் அப்போது அந்தக் குளத்தின் கட்டின்மேல் உட்கார்ந்து, மனைவி பேச்சியம்மா கட்டித் தந்த ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

கணபதிக்குக் குளத்தில்தான் உத்தியோகம். போர் முடிந்து ஊர் திரும்பிய நாளிலிருந்து அதே வேலை. வயலுக்குத் தண்ணீர் விடும் துருசைத் திறப்பது, பூட்டுவது, அளவுக் கம்பத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவது, முள்ளம்பன்றி குளக்கட்டில் தோண்டுகிற பொந்துகளைக் களிமண் வைத்து இடித்து அடைப்பது. தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அதனால் வீட்டில் மலைநாட்டுப் பேச்சு, வெளியில் வன்னிப் பேச்சு. மலைநாட்டுச் சொந்தக்காரருக்கு அவர் வன்னியான், வன்னி உத்தியோகத்தருக்கு அவர் மலைநாட்டான். குளத்துக்கு மட்டும் இந்தப் பாகுபாடு தெரியாது.

பேச்சியம்மாதான் முதலில் தொலைபேசியில் கத்தினாள்.

“என்னங்க, உசுரோட இருக்கீங்களா? கொளம் ஒடைஞ்சிருச்சாமே!”

“எந்தக் கொளம்?”

“நம்ம கொளந்தாங்க! படம் போட்டிருக்கான்!”

“ஒடையல புள்ள. நான் அதுக்கு மேலதான் ஒக்காந்திருக்கேன்.”

“எல்லாரும் சிவராசா டிராக்டர்ல ஏறுறாங்க.”

“நீ ஏறாத. வீட்டுலயே இரு.”

“ஊரே ஓடுது, ஒங்க பேச்சக் கேட்டு நான் சாகவா?” என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மா இணைப்பைத் துண்டித்தாள்.

படம் போட்டவன் அஜந்தன். புளியங்குளம் சந்தியில் போட்டோக்கொப்பி கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவனுடைய ‘வன்னி இடிமுழக்கம்’ இயங்கியது. ஆசிரியரும் அவன்தான், நிருபரும் அவன்தான், நடுங்கும் குரலில் செய்தி வாசிப்பவனும் அவன்தான். இரண்டு இலட்சம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். அவன் போட்ட படத்தில் சிவந்த வெள்ளம் ஒரு பஸ்ஸைப் புரட்டிக்கொண்டு போனது, பின்னால் பனி மூடிய மலை தெரிந்தது. புளியங்குளத்துக்குக் கிழக்கே பனிமலை எப்போது முளைத்தது என்று இரண்டு இலட்சம் பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பதினோராயிரம் பேர் அழுத முகம் போட்டார்கள். முந்நூறு பேர் சிரித்த முகம் போட்டார்கள். கனடாவிலிருந்து ஒருவர், இது திட்டமிட்ட சதி என்றும் இதை நான் தொண்ணூற்றாறிலேயே சொன்னேன் என்றும் எழுதினார். அவருக்குக் கீழே ஒருவர் தன் கொத்துரொட்டிக் கடையின் திறப்பு விழாவுக்கு அனைவரையும் அழைத்திருந்தார்.

கணபதி கை கழுவிவிட்டு அவசர இலக்கத்துக்கு அழைத்தார்.

“ஐயா, நான் பாலையடித்தான் குளத்துக் கணபதி. குளம் உடையேல்லை.”

“நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?”

“குளக்கட்டில நிக்கிறன்.”

“உடன வெளியேறுங்கோ. குளம் உடைஞ்சிட்டுது.”

“நான் கட்டுக்கு மேலதான் ஐயா நிக்கிறன். தண்ணி பன்னிரண்டரை அடி. நிரம்பி வான் பாயவே இன்னும் ஒண்டரை அடி கிடக்குது.”

“எங்களுக்குப் படம் வந்திருக்கு. உங்களிட்டப் படம் இருக்கோ?”

“என்ர ஃபோனில படம் எடுக்கேலாது ஐயா. பொத்தான் ஃபோன்.”

“அப்ப நீங்கள் குளத்தில நிக்கிறியள் எண்டதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டது அந்தக் குரல். நிற்கிற மனிதன் நிற்கிறேன் என்பதற்கு மேல் என்னத்தைச் சொல்வது? பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு அழையுங்கோ என்று சொல்லிக் குரல் போய்விட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீற்றர் மிதித்துக் குடியிருப்புக்குப் போனபோது நாற்பத்திரண்டு வீடுகளும் திறந்தபடி கிடந்தன. அடுப்பில் சோறு கரிந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்த செய்தியின்படி தண்ணீர் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் வந்துகொண்டிருந்ததால் சிவராசா தன் உழவு இயந்திரத்தை அதைவிட வேகமாக ஓட்டப் பார்த்திருக்கிறார். மதகடி வளைவில், பின்னால் பூட்டியிருந்த பெட்டி ஒரு பக்கம் எகிறியது. பெட்டியில் முப்பத்தொரு பேர். விளிம்பில் இருந்த பேச்சியம்மா மட்டும் கீழே விழுந்தாள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சிவராசா நிறுத்தவில்லை, பின்னால் வெள்ளம் வருகிறதே.

ஆஸ்பத்திரியில் காலுக்கு மாக்கட்டுப் போட்டார்கள். பதிவில் ‘குளம் உடைந்ததால் ஏற்பட்ட காயம்’ என்று எழுதினார்கள். அந்தப் பதிவின் படம் அன்று மாலையே வன்னி இடிமுழக்கத்தில் ‘இனியும் மறுப்பார்களா?’ என்ற தலைப்புடன் வெளிவந்தது.

மறுநாள் அஜந்தன் நேரலைக்காகக் குளத்துக்கே வந்துவிட்டான். நீலநிற மழைக்கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்தவன், குளக்கட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான். அவன் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம்தான், சந்தேகமே இல்லை.

“அண்ணை, எந்தப் பக்கத்தால உடைஞ்சது?”

“உடையேல்லை தம்பி.”

“சரி, உடைஞ்சா எந்தப் பக்கத்தால உடையும்?”

கணபதி வஞ்சகமில்லாத மனிதர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர். “துருசுக்குத் தெற்கால கொஞ்சம் மெலிவு” என்று கையை நீட்டிக் காட்டிவிட்டார். ‘குளம் பலவீனமானது: காவலாளி கண்ணீர் மல்க ஒப்புதல்’ என்று அடுத்த ஐந்து நிமிடத்தில் போய்விட்டது.

“தம்பி, அந்தப் பழைய செய்தியை எடுத்துப்போடன். பாவம் சனம், ரெண்டு நாளா மேட்டுப் பள்ளிக்கூடத்தில கிடக்குது. என்ர மனுசிக்குக் காலும் முறிஞ்சுபோச்சு.”

“எப்பிடியண்ணை எடுக்கிறது? மூண்டரை இலட்சம் பேர் பாத்திட்டினம்” என்றான் அஜந்தன். தான் கட்டிய கோயிலை இடிக்கச் சொன்னதுபோல அவன் நெஞ்சில் கைவைத்துக் கொண்டான்.

இந்தக் கட்டத்தில்தான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. பொய்ச் செய்திகளை ஒழிப்பதற்கென்று ‘தகவல் தெளிவூட்டற் பிரிவு’ என்றொரு காரியாலயத்தை அண்மையில்தான் நிறுவியிருந்தார்கள். அதற்கு ஒரு பணிப்பாளர், நான்கு மேசை, குளிரூட்டி, ஒரு சிவப்பு முத்திரை. முத்திரையில் ‘வதந்தி’ என்று எழுதியிருக்கும். எந்தச் செய்தியின் படத்தில் அந்த முத்திரை விழுகிறதோ அது வதந்தி. ‘உண்மை’ என்ற முத்திரையைச் செய்விப்பதற்கான கேள்விமனு இன்னும் கொழும்பில் கிடந்தது.

பணிப்பாளர் முத்துலிங்கம், கணபதியை அழைத்துக் கதிரை காட்டாமல் ஒரு படிவம் நீட்டினார். ‘சம்பவம் நிகழாமைக்கான வாக்குமூலம்’ என்று அதற்குப் பெயர்.

“சம்பவம் நிகழாத திகதியும் நேரமும் எழுதுங்கோ.”

“எந்த நேரத்தை ஐயா எழுதுறது? எந்த நேரமும் உடையேல்லையே.”

“அப்படிப் பொதுவாக எழுத முடியாது. பத்துப் பன்னிரண்டுக்கு நிகழவில்லை என்று எழுதுங்கோ. நிகழாததை நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். கிராம அலுவலரின் கையொப்பமும் வேண்டும்.”

“சனமெல்லாம் ஓடிற்றுது ஐயா. நான் மட்டும்தான் நிண்டனான்.”

முத்துலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கள் மலைநாட்டுப் பக்கம்தானே? அதுதான். குளம், நீர்ப்பாசனம் இதெல்லாம் உங்களுக்குப் பரிச்சயமில்லாத துறை. நாங்கள் உங்களைக் குறை சொல்லவில்லை.”

அந்தக் கட்டுக்கு மண் சுமந்தவர்களில் கணபதியின் தகப்பனும் ஒருவர். அதைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, “ஓம் ஐயா” என்றார். சாட்சிகளாக முத்துலிங்கத்தின் சாரதியும் தேநீர் கொண்டுவருகிறவரும் கையொப்பமிட்டார்கள். இருவரும் குளத்தைக் கண்டதில்லை என்பதால் அது உடைந்ததையும் கண்டதில்லை, ஆகவே சாட்சியம் சுத்தமானது என்று பணிப்பாளர் விளக்கினார்.

ஆனால் முத்திரையை மட்டும் குத்தினால் சனம் நம்பாது, குளத்தின்மேலேயே நின்று பிரகடனம் செய்யவேண்டும் என்று பிரிவு தீர்மானித்தது. வெள்ளிக்கிழமை விழா. வியாழக்கிழமை காலையிலேயே பந்தல்காரர் வந்து குளக்கட்டில் இருபத்தாறு குழி தோண்டிவிட்டார்கள். மூன்றடி ஆழம். மழை நனைத்த மண் என்பதால் அலவாங்கு வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. துருசுக்குத் தெற்கே நிழல் இருந்ததால் மேடையை அங்கேயே போட்டிருந்தார்கள்.

கணபதி குழிகளை எண்ணிப் பார்த்தார். ஒரு முள்ளம்பன்றிப் பொந்தைக் கண்டாலே நித்திரை கொள்ளாத மனிதர். ஓடிப்போய் முத்துலிங்கத்துக்கு அழைத்தார்.

“ஐயா, குளக்கட்டில கிடங்கு வெட்டக்கூடாது. தண்ணி பதின்மூண்டடியில நிக்குது. கட்டு இளகிக் கிடக்கு.”

“குளம் பாதுகாப்பாக இருக்கிறது என்று அறிவிக்கத்தானே குழி தோண்டுகிறோம்?”

“கிடங்கு தோண்டினால் பாதுகாப்பில்லை ஐயா.”

“கணபதி, இப்படிப் பேசுவதற்குத்தான் நாங்கள் வதந்தி என்று பெயர் வைத்திருக்கிறோம்.”

விழாவுக்கு இருபத்திரண்டு வாகனங்கள் வந்தன. மாட்டுவண்டிகூடப் போகக்கூடாது என்று பலகை நட்டிருந்த கட்டின்மேல் அத்தனையும் வரிசையாக ஏறின. மங்கல விளக்கு மழையில் மூன்றுதரம் அணைந்தது. ‘பாலையடித்தான் குளம் பாதுகாப்பாக உள்ளது’ என்ற முப்பதடிப் பதாகை காற்றில் ஆடியபோதெல்லாம் அதைக் கட்டியிருந்த இரும்புக் குழாய்களும் ஆடின, குழாய்கள் ஆடியபோது குழிகளும் அகன்றன. கணபதி பதாகையைப் பார்க்கவில்லை, குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முத்துலிங்கம் நாற்பது நிமிடம் பேசினார். “அன்பார்ந்த மக்களே! ஒரு குளம் உடைந்ததா இல்லையா என்பதை இனிமேல் நீங்கள் குளத்தைப் பார்த்துத் தீர்மானிக்கத் தேவையில்லை. அந்தச் சுமையை உங்கள் தோளிலிருந்து நாங்கள் இறக்கி வைத்துவிட்டோம். எங்கள் பிரிவு தொடங்கி எட்டு மாதத்தில் நூற்றுப்பதினான்கு செய்திகளுக்கு வதந்தி முத்திரை குத்தியிருக்கிறோம். அவற்றில் சில பிற்பாடு உண்மையாகிவிட்டன. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. முத்திரை குத்திய நேரத்தில் அவை வதந்தியாகத்தான் இருந்தன!”

பள்ளிக்கூடத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிவரப்பட்ட சனம் கைதட்டியது. பிரிவுக்கும் மக்களுக்கும் பாலமாக விளங்கியதற்காக அஜந்தனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் அதை நேரலையில் காட்டினான். பிறகு பனிமலைப் படத்தின்மேல் சிவப்பு முத்திரை விழுந்தது. குளம் உடைந்ததாக வரும் எந்தச் செய்தியும் பிரிவின் அடுத்த கூட்டம்வரை வதந்தியே என்று அறிக்கை வாசிக்கப்பட்டது. அடுத்த கூட்டம் இருபத்தெட்டு நாளில்.

சனம் வீடு திரும்பியது. போன வேகத்துக்குச் சிவராசாவின் டிராக்டர் இந்தமுறை மெதுவாக வந்தது. மாக்கட்டுக் காலோடு பேச்சியம்மாவையும் இறக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். பந்தல்காரர் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழிகளை மூடுவது ஒப்பந்தத்தில் இல்லை. சனிக்கிழமை முழுவதும் கணபதி தனியாகக் களிமண் சுமந்தார். இருபத்தாறில் பதினேழு குழியை அடைத்தார். அதற்குமேல் தோள் எழும்பவில்லை.

சனி மாலையிலிருந்து ஞாயிறு மத்தியானம்வரை மழை ஒரு நிமிடம் ஓயவில்லை. துருசு முழுதாகத் திறந்திருந்தது, மிஞ்சிய தண்ணீர் வான்வழியாக இரண்டு அடிக்குப் பாய்ந்தது, அப்படியும் தண்ணீர் ஏறியது. ஒரு மணிபோல மேடை இருந்த இடத்துக்குக் கீழே, கட்டின் வெளிச்சரிவில், கைப் பருமனுக்குத் தண்ணீர் கசிவதைக் கணபதி கண்டார். தெளிந்த தண்ணீராகக் கசிந்தால் பயமில்லை. குளம் வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். வந்தது கலங்கல் தண்ணீர். கட்டு உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்.

அவர் பேச்சியம்மாவைத்தான் முதலில் அழைத்தார். “புள்ள, கொளம் போகப் போகுது. அக்கம்பக்கத்துல கூப்புட்டு, தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லு.”

ஊரில் அவரை நம்பியது அவள் ஒருத்திதான். போனமுறை அவர் பேச்சைக் கேட்காததற்குக் கால் கொடுத்தவள் அல்லவா. மறுபேச்சுப் பேசாமல் முற்றத்தைப் பார்த்துக் கத்தினாள். கத்தியதும், அதற்குப் பக்கத்து வீட்டார் சிரித்ததும் கணபதிக்குத் தொலைபேசியில் கேட்டன. “அக்கா, அது வதந்தி எண்டு சீல் அடிச்சாச்சு. உங்கட மனுசன் செய்திபாக்கிறேல்லையோ?” என்றார்கள்.

அவசர இலக்கத்தில் இந்தமுறை ஒரு பெண் பேசினாள். “அண்ணை, அது போன கிழமையே வதந்தியெண்டு முடிவாகிட்டுது. திரும்பத் திரும்ப எடுத்தா உங்களிலதான் நடவடிக்கை வரும்” என்று நல்ல மனதோடு எச்சரித்தாள். முத்துலிங்கத்தின் தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் இருந்தது. சிவராசா எடுத்தார்.

“சிவராசா அண்ணை, சத்தியமாச் சொல்லுறன், கட்டுக் கரையுது. சனத்தை ஏத்துங்கோ. என்ர மனுசி நடக்கமாட்டாள், அவளையும் ஏத்துங்கோ.”

“கணபதி, போன முறை ஓடிப்போய் மூண்டு நாள் பள்ளிக்கூடத்துக் கொங்கிறீற்றில படுத்தனான். உடையேக்கை உடையேல்லை எண்டாய். இப்ப உடையேல்லை எண்டு சீல் அடிச்சாப்பிறகு உடையுது எண்டுறாய். உனக்கு ஊரோட ஒத்துப் போகவே தெரியாதோ?”

கசிவு இப்போது கால் பருமனாகியிருந்தது. கணபதி அஜந்தனுக்கு அழைத்தார். அவன் ஒருவன் போட்டால் ஊர் எழும்பும்.

“தம்பி, குளம் உண்மையா உடையப்போகுது. போடு தம்பி.”

“அண்ணை, அதே குளத்துக்கு ரெண்டாந்தரமும் உடைப்புப் போட்டா ஆர் பாப்பினம்? எனக்கு இப்ப பிரிவோட ஒரு உறவும் வந்திட்டுது. வேற ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ.”

கணபதி வாழ்நாளில் பெரிய பொய் சொன்னவர் அல்ல. கலங்கல் தண்ணீரைப் பார்த்தார். கீழே தென்னை மரங்களுக்கு நடுவே நாற்பத்திரண்டு கூரைகளையும் பார்த்தார்.

“வேற இருக்கு தம்பி. மேட்டுப் பள்ளிக்கூடத்தில நிவாரணம் குடுக்கினமாம். வெளிநாட்டுக்காரர் வந்து நிக்கினமாம்.”

“என்ன சாமான்?”

“அரிசி, மா, சீனி… பாய், நுளம்புவலை.”

“ஆர் சொன்னது?” என்று அஜந்தன் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் செய்தி போய்விட்டது. அதில் அவன் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தான். ‘முதல் நாற்பது குடும்பங்களுக்கு மட்டும். குடும்ப அட்டை கட்டாயம்.’ அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் செய்தியில் சூடு இருக்காது என்பது அவனுடைய தொழில் அனுபவம்.

குடியிருப்பில் நாற்பத்திரண்டு குடும்பம். நாற்பதுக்குத்தான் சாமான். இனிச் சொல்லவா வேண்டும்?

உண்மைக்கு அசையாத ஊர் ஐந்தே நிமிடத்தில் எழும்பியது. சைக்கிளும் மோட்டார்சைக்கிளுமாக மேட்டை நோக்கிப் பறந்தது. கணபதி குளக்கட்டிலிருந்து சைக்கிளை இறக்கிக்கொண்டே மனைவியை அழைத்தார். மழையும் டிராக்டர் இரைச்சலும் சேர்ந்து கேட்டன.

“ஏறிட்டியா புள்ள?”

“இல்லைங்க. சிவராசா வந்தாரு. என்னத் தூக்கி ஏத்துனா நேரம் போயிருமாம், நாப்பதுக்குள்ள நிக்க முடியாதாம். நம்ம குடும்ப அட்டைய வாங்கிட்டுப் போறாரு. நம்ம சாமானையும் எடுத்துட்டு வந்து தாரேன்னாரு.”

“கத்து! ஆரையாச்சும் கூப்புடு!”

“ஆருமில்லைங்க” என்றாள் பேச்சியம்மா. பிறகு, “நீங்க வந்துருங்க” என்றாள்.

ஒன்றரைக் கிலோமீற்றர். சேற்றில் சைக்கிள் உருளவில்லை, எறிந்துவிட்டு ஓடினார். பாதி வழியில் பின்னால் சத்தம் கேட்டது. இந்தமுறை பஸ்ஸும் இல்லை, பனிமலையும் இல்லை. வெறும் செம்மண் தண்ணீர்தான்.

பள்ளிக்கூடத்தில் நின்றவர்களுக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கூரைகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டார்கள். சிலர் அழுதார்கள், பலர் நேரலை போட்டார்கள். வரிசையை மட்டும் ஒருவரும் விடவில்லை, முதல் நாற்பதுக்குள் நின்றவர்கள் எப்படி விடுவார்கள்? பொழுதுபடும்போதுதான் சாமான் வராது என்பது அவர்களுக்கு உறைத்தது. அப்போது வந்த கோபம் வெள்ளத்தைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

கணபதியைத் திங்கட்கிழமை ஒரு மருதமரக் கொப்பிலிருந்து இறக்கினார்கள். பேச்சியம்மாவைப் புதன்கிழமை மதகடியில் எடுத்தார்கள். ஊரில் வேறு ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

வியாழக்கிழமை விசாரணை. சேறு காய்ந்த சாரத்தோடு நின்ற கணபதிக்கு முன்னால் முத்துலிங்கம் ஒரு கடிதத்தை விரித்தார். பொய்யான நிவாரணச் செய்தியைப் பரப்பித் தங்களை மழையில் நனையவிட்டு ஏமாற்றிய கணபதிமீது கடும் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று நாற்பத்தொரு குடும்பத் தலைவர்கள் கையொப்பமிட்டிருந்தார்கள். முதல் கையொப்பம் சிவராசாவுடையது.

“ஏன் பொய் சொன்னீர்?”

“முதல்ல உண்மையைத்தான் ஐயா சொன்னனான். ஒருத்தரும் எழும்பேல்லை.”

“அது வேறு விடயம். அதற்கான முத்திரை ஏற்கெனவே இருக்கிறது. நான் கேட்பது பொய்யைப் பற்றி.”

“பொய் சொல்லாட்டி எல்லாரும் செத்திருப்பினம் ஐயா.”

“எதனால் செத்திருப்பார்கள்?”

“குளம் உடைஞ்சு.”

முத்துலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். “குளம் உடைந்ததாகப் பிரிவு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கூட்டத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அதுவரை பாலையடித்தான் குளம் பாதுகாப்பாக உள்ளது. உடையாத குளத்திலிருந்து மக்களைக் காப்பாற்றினேன் என்று நீர் சொல்வது இரண்டாவது வதந்தி. மனைவியின் மரணத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபம். ஆனால் காரணம் என்ற இடத்தில் வெள்ளம் என்று எழுதாதையும். தண்ணீரில் தவறுதல் என்று எழுதும்.” கணபதி எழுதவில்லை. பக்கத்தில் இருந்த எழுதுவினைஞர் எழுதிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் அஜந்தன் தன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஓர் உண்மைச் செய்தி போட்டான். ‘பாலையடித்தான் குளம் உடைந்ததில் பெண் பலி. பெயர்: கணபதி பேச்சியம்மா.’ பதினொரு நிமிடத்தில் பிரிவு செயற்பட்டது. அது பிரிவின் வரலாற்றிலேயே அதிவேகம் என்று பிற்பாடு ஆண்டறிக்கையில் போட்டார்கள். பேச்சியம்மாவின் முகத்துக்குக் குறுக்கே சிவப்பில் ‘வதந்தி’ என்று விழுந்தது. கீழே ஆயிரக்கணக்கானோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நல்லவேளை அந்த அம்மா உயிரோடு இருக்கிறா, பொய் சொன்னவனைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அடக்கம் என்று சொல்லியிருந்தது. வெள்ளம் வீட்டைத் தின்றுவிட்டதால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் இரண்டை இழுத்துப்போட்டுப் பேச்சியம்மாவை ஆஸ்பத்திரி ஆட்கள் கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஊரவர் கோபத்தில் இருந்ததால் கிட்ட வரவில்லை. மலைநாட்டிலிருந்து அவளுடைய தங்கையும் பிள்ளைகளும் பஸ்ஸில் புறப்பட்டுவிட்டார்கள், அவர்கள் வந்ததும் எடுக்கலாம் என்று கணபதி தலைமாட்டில் குந்தியிருந்தார். ஒன்பது மணிபோல, வெள்ளத்தில் ஊறியும் பழுதாகாத அவருடைய பொத்தான் ஃபோன் அடித்தது. தங்கைதான்.

“அத்தான்! இப்பத்தான் பாத்தோம், பொய்யின்னு கவுர்மெண்டே போட்டிருச்சு. எங்களுக்கு உசுரு திரும்பி வந்துச்சு. மாத்தளையில எறங்கிட்டோம், அடுத்த பஸ்ல வீட்டுக்குத் திரும்புறோம். புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல. அக்காகிட்டப் போனக் குடுங்க, ஒரு வார்த்த பேசிர்றேன்.”

“திரும்பாத தங்கச்சி” என்றார் கணபதி. “அக்கா செத்துப் போயிட்டா. நான் அவ பக்கத்துலதான் ஒக்காந்திருக்கேன்.”

மறுமுனையில் பஸ்நிலைய இரைச்சலுக்கு மேலாகத் தங்கை சிரித்தாள். நிம்மதியில் வருகிற சிரிப்பு அது.

“அட, நீங்களுமா அத்தான்? கண்டதையும் நம்பாதீங்க. ஃபோன அக்காகிட்டக் குடுங்க.”